புளியமரத்தடி சர்வீஸ்

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கும் ஆபீசர்கள் கிளப்பின் டென்னிஸ் கோர்ட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மதிலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு தகரக் கதவு. அந்தப் பக்கம் செம்மண் கோர்ட், அதைச் சுற்றிக் கம்பி வலை, வலைக்கு வெளியே சேலம் போகிற சாலை. சாலையோரத்தில் நின்ற பெரிய புளியமரத்தின் கிளை ஒன்று வலையைத் தாண்டி உள்ளே நீண்டு வந்து, சர்வீஸ் போட நிற்கிற கோட்டுக்கு நேர் மேலே கவிந்திருக்கும்.

அந்த ஊர் டென்னிஸைக் கெடுத்தது அந்தக் கிளைதான். டென்னிஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சர்வீஸ் என்றால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற அடி. இடது கையால் பந்தை உயரத் தூக்கிப் போட்டு, அது மேலே நிற்கிற நொடியில் வலது கையை முழுசாக நீட்டி அடிக்க வேண்டும். எங்கள் கோர்ட்டில் அப்படிச் செய்தால் பந்து இலைக்குள் போய்ச் சிக்கும், ராக்கெட் கிளையில் இடிக்கும். அதனால் கிளப்பில் எல்லோரும் பந்தைக் காது உயரத்துக்கு மட்டும் போட்டு, முழங்காலை மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நிலை தாழ்வான வீட்டுக்குள் நுழைகிறவர்களைப் போலக் குனிந்து அடிப்பார்கள். எதிர்ப் பக்கத்தில் மரமே கிடையாது. அங்கே போனாலும் குனிந்துதான் அடிப்பார்கள். உடம்புக்குப் பழகிவிட்டது.

திருக்கோவிலூரிலிருந்து ஆட வருகிறவர்கள் முதலில் பந்தை உயரப் போடுவார்கள். பந்துக்குப் பதிலாகப் புளியம்பிஞ்சு விழும். எங்கள் கிளப் செக்ரட்டரி, ஒரு பேங்க் மேனேஜர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கெளையில பட்டா திரும்பப் போடலாங்க, அதுக்கு ரூல் வச்சிருக்கோம்" என்பார். வந்தவர்கள் எரிச்சலில் தோற்றுவிட்டுப் போவார்கள். நம்மவர்கள் அங்கே போனால் கதை வேறு. தலைக்கு மேலே வெறும் வானம் இருக்க, இவர்கள் குனிந்து குனிந்து அடிப்பதைப் பார்த்து அந்த ஊரே சிரிக்கும். கிளையை வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது நெடுஞ்சாலை இலாகா மரம். அனுமதி தர வேண்டிய இன்ஜினீயரே கிளப் மெம்பர். அந்தக் கிளையை வைத்துத்தான் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர். படிக்கிற காலத்தில் சென்னையில் ஒழுங்காக டென்னிஸ் கற்றுக்கொண்டவர். கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவர் போட்ட முதல் சர்வீஸிலேயே பந்து மரத்தில் சிக்கியதாம். வீட்டுக்கு வந்து மரத்தைத் திட்டினார், இன்ஜினீயரைத் திட்டினார், குழம்பில் உப்பில்லை என்று என்னையும் திட்டினார். அப்புறம் அவரும் குனியக் கற்றுக்கொண்டார். குனிந்தும் அந்த கிளப்பில் அவர்தான் நன்றாக ஆடுவார். சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் பந்துச் சத்தம் கேட்டால், எது அவர் அடித்தது என்று அடுப்படியில் இருந்தே எனக்குத் தெரியும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த ஆண்டில், கோடை முடிகிற சமயம், கல்வராயன் மலையில் கரியாலூரில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். கழிகளை நட்டு, ஒரு மாடு நுழைகிற அகலத்துக்குச் சந்து கட்டி, ஒவ்வொன்றாக ஓட்டி வந்து ஊசி போடுவார்கள். ஒரு காளை சந்துக்குள் திரும்பப் பார்த்தது. திரும்பியதில் அதன் தலைக்கும் கழிக்கும் நடுவில் இவருடைய வலது தோள். ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டுவந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. இடது கையால் தலை வாரிக்கொண்டு ஆபீஸ் போனார்.

மற்ற அடியெல்லாம் அடிக்கலாம், சர்வீஸ் ஒன்றுதான் முடியாது. டென்னிஸில் கீழிருந்து தட்டியும் சர்வீஸ் போடலாம், சட்டத்தில் இடமுண்டு. கிளப்பில் நல்லெண்ணத்தோடுதான் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே யாரோ ஒருவர், குழந்தைகளோடு ஆடும்போது நாங்களும் அப்படித்தான் போடுவோம் என்று ஆறுதலாகச் சேர்த்திருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து ராக்கெட்டை பீரோ மேலே தூக்கிப் போட்டார். அதற்கப்புறம் தகரக் கதவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் பந்துச் சத்தம் ஆரம்பித்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். மனிதர் என் கண் முன்னாலேயே சுருங்கிக்கொண்டிருந்தார். இவர் திரும்ப அந்தக் கோர்ட்டுக்குள் கால் வைக்கவில்லை என்றால் பழைய மனிதராக எனக்குக் கிடைக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பந்து விளையாடாததற்கா இவ்வளவு என்பார்கள்.

காளைக்குச் சொந்தக்காரர் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு பை சாமையோடு வருவார். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே, "கைய கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க டாக்டரே" என்பார். இவர் தூக்குவார். தோளோடு நின்றுவிடும். ஒரு தடவை அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அந்தக் காளைய வித்துட்டேங்க" என்றார்.

"ஏன் வித்த? அந்த மாதிரி காளை மலையிலயே ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்" என்று இவருக்குக் கோபம் வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். காளை மேல் இருந்த அக்கறையில் கொஞ்சம் கைமேலும் வைக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாலை மறியல் வந்தது. ஒரு விடியற்காலையில் கோடாலிச் சத்தம். தென்னாற்காடு முழுக்க அந்த வாரம் மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டார்கள். எங்கள் சேலம் சாலையிலும் வரிசையாக விழுந்தன. பஸ் இல்லை, தபால் இல்லை, பால் இல்லை. நான் நைனார்பாளையம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். என் தம்பி படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன். அவனும் எங்கோ ஒரு சாலையில் நிற்கிறான் என்று மட்டும் தெரியும். துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொல்லும், எந்த ஊர், யார் என்று சரியாகத் தெரியாது. அந்த நாட்களில் உயிரை விட்டவர்கள் உண்டு. அதை மறந்துவிட்டு இவள் டென்னிஸ் கதை சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்தால் ரேடியோ பக்கமே காது போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் நான் வெளியே போனேன்.

மறியலின் இரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். இவர் கொல்லையில் மதிலோரமாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். கோர்ட்டுக்கு மேலே கிளை இல்லை. மரமே இல்லை. அது சாலையில் கிடந்தது.

"இத்தினி வருசமா அந்தக் கெளை எப்பத்தான் போவுமோன்னு இருந்தேன்" என்றார். "இப்ப போயிடுச்சி. கையும் போயிடுச்சி."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. தம்பியைப் பற்றிய கவலை, பாலில்லாத காபி, இந்த மனிதரின் புலம்பல், எல்லாம் சேர்ந்துகொண்டது. உள்ளே போய் பீரோ மேலிருந்து ராக்கெட்டை எடுத்தேன். மரச்சட்டம் வளையாமல் இருக்க நான்கு மூலையிலும் திருகு போட்ட ஒரு பூட்டுக்குள் அது இருந்தது. திருகைக் கழற்றி, வழுக்கையாகிப்போன பழைய பந்துகளை முந்தானையில் கட்டிக்கொண்டு, தகரக் கதவை எட்டித் தள்ளினேன். ஆபீசர்கள் பந்தோபஸ்து வேலையாக ஊர் ஊராகப் போயிருந்தார்கள், மற்றவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கிளப்பில் ஈ காக்கை இல்லை. இருந்திருந்தால் ஒரு பொம்பளை அந்தக் கோட்டுக்குள் நிற்க முடியுமா? கிளப் ஆண்டு விழாவுக்கு நாங்கள் கேசரி கிண்டிக் கொடுப்போம், அதோடு சரி.

பள்ளிக்கூடத்தில் நான் எறிபந்து ஆடியவள். அந்த நினைப்பில் பந்தைத் தூக்கிப் போட்டு ராக்கெட்டால் முன்னால் தள்ளினேன். அது நெட்டுக்குப் பாதி தூரம் போய்க் களைத்து உட்கார்ந்தது. மதிலுக்கு மேலே சிரிப்புச் சத்தம். எத்தனை மாதமாகிவிட்டது அதைக் கேட்டு.

"இன்னா அது? தோசைத் திருப்பி புடிக்கிற மாதிரி புடிச்சிகினு நிக்கிற?"

"தெரிஞ்சவங்க வந்து சொல்லிக் குடுக்கலாமில்ல?"

வரவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கம்பி வலைக்கு வெளியே, மதிலோரமாகப் போட்டுக்கொண்டார். அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தார். சொன்னாரா, கொட்டினார். சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடி, பந்தை விரலால் சுண்டாதே, காலை அகட்டாதே, முழங்கையைத் தூக்கு, தலையைத் தொங்கப் போடாதே. நான் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. அதையும் உடனே சொன்னார். ராக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவரே கஞ்சி காய்ச்சினார்.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னேன். "ஒரு மாட்டுக்கு ஒரே நாள்ல எல்லா ஊசியும் போடுவீங்களா?"

மறுநாளிலிருந்து அவர் ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான் சொன்னார். அதைத் தவிர எது தப்பாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் முழுக்கப் பந்தைத் தூக்கிப் போடுவது மட்டும். அடிக்கவே கூடாது. உள்ளங்கையைத் திறந்து, தட்டில் வைத்ததுபோல் மேலே அனுப்ப வேண்டும். விழுகிற பந்து என் இடது கால் பெருவிரலுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். வளையல் குலுங்கிக் கையை ஆட்டியது. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். "இன்னும் மேல. அங்க எதுவும் இல்ல, பயப்படாத" என்பார். இத்தனைக்கும் நான் அந்த மரத்தின் கீழ் ஒரு நாளும் ஆடியவள் இல்லை. அப்படியும் எனக்குக் கை உயரவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து அவர்கள் குனிவதையே பார்த்துப் பார்த்து, சர்வீஸ் என்றாலே குனிவதுதான் என்று என் உடம்பும் படித்து வைத்திருந்தது.

அடுத்த நாள், ராக்கெட்டை முதுகுக்குப் பின்னால் இறக்குவது. எட்டாத இடத்தில் முதுகு சொறிவதுபோல் என்றார். அது உடனே வந்துவிட்டது. அதற்கு அடுத்தது, தள்ளாமல் வீசுவது. அது வரவில்லை. எறிபந்துக் கை என்னை விடமாட்டேன் என்றது. அவரும் வலைக்கு வெளியே உட்கார்ந்து கையைக் காலை ஆட்டிக் காட்டினார், சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. என் இடது கை பந்தைப் போட்டவுடனே கீழே விழுந்துவிடுகிறது, அதனால்தான் உடம்பு சரிகிறது என்று அவருக்குத் தெரிகிறது. எனக்கு என் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்ன?

"மேலேயே வச்சிக்கோ. மேலேயே... ஐயோ, அப்படி இல்ல."

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. செருப்பை வலைக் கதவருகே விட்டுவிட்டு உள்ளே வந்தார். செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்து வந்து, என் பின்னால் நின்று, தன் நல்ல கையால் என் இடது கையைப் பிடித்து உயரத்திலேயே நிறுத்தி வைத்தார். "இப்ப அடி" என்றார். அடித்தேன். பந்து நெட்டைத் தாண்டிப் போய், எதிர்ப் பக்கத்துக் கட்டத்துக்குள் விழுந்து, பின்வலையில் மோதியது. அந்தச் சத்தம் அதுவரை நான் கேட்ட எதைப் போலவும் இல்லை. கையில் கனமே தெரியவில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோர்ட்டுக்குள் வந்துவிட்டீர்களே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் போய்விடுவார் என்று விழுங்கிவிட்டேன்.

மறியல் முடிந்து, கிடந்த மரங்களை அறுத்து எடுத்தார்கள். தம்பி சைக்கிளில் வந்து, உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டு, ஒரு சட்டி சோறு தின்றுவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் நான் அழுதேன். ஆனாலும் ஆபீசர்களுக்கு ஓய்வில்லை, இன்னும் சில வாரம் கோர்ட் எங்களுடையதாகவே இருந்தது. கரும்புக் காட்டிலிருந்து காற்று வரும், மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும், இவர் கிளப்பில் கிடந்த ஒரு பழைய ராக்கெட்டோடு எதிர்ப் பக்கம் நின்று என் சர்வீஸைத் திருப்பி அடிப்பார். இடுப்பு உயரத்தில் வருகிற பந்தை அந்தத் தோள் தாராளமாக அடித்தது. ஆனால் பந்தை என்னிடமே உருட்டிவிடுவார். ஒரு தடவைகூட அவர் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. அதைப் பற்றி நானும் பேசவில்லை. அவர் போய்ச் சில வருடமாகிறது. இப்போது யோசித்தால், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே ஆக நல்ல நாட்கள் அவைதான். இதை அவர் இருக்கும்போது சொல்லியிருந்தால், சாப்பாட்டைக் கவனிக்காத நாட்கள் என்று திருத்தியிருப்பார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் செக்ரட்டரி, இன்ஜினீயர், இன்னும் ஒருவர் வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார்கள். நாங்கள் கோர்ட்டில் நிற்பதைப் பார்த்தார்கள். பிறகு மேலே பார்த்தார்கள். இன்ஜினீயர் தன் வீட்டுக் கூரை போனதுபோல் நின்றார். பழகிப் பார்க்க முதல் சர்வீஸ் அவர்தான் போட்டார், இல்லாத கிளைக்குக் குனிந்து. பந்து நெட்டில். இரண்டாவதும் நெட்டில். நிமிர்ந்து போட்டுப் பார்த்தார், பந்து சாலைக்குப் போனது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை.

ஜோடி ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், அவர்கள் மூன்று பேர். செக்ரட்டரி இவரைப் பார்த்துத் தயங்கினார். "டாக்டர், நீங்க வரீங்களா?"

"நான் இல்லிங்க. எங்க வூட்ல ஆடுவாங்க" என்றார் இவர்.

"லேடீஸ்..." என்று இழுத்தார் இன்ஜினீயர்.

"ஆடறேன்" என்றேன் நான். "ஆனா இவரு என் ஜோடியா நின்னாத்தான் ஆடுவேன்."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்கிற பார்வை. மூன்றாமவர் தனக்கு முதுகு வலி என்று சொல்லி, வலைக்கு வெளியே இவர் விட்டு வைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு முதுகு வலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செக்ரட்டரியும் இன்ஜினீயரும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

நான் சர்வீஸ் போட்ட சுற்றை நாங்கள் ஜெயித்தோம். இரண்டு தடவை இன்ஜினீயரால் தொடக்கூட முடியவில்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. ஜோடி ஆட்டத்தில் ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு சுற்று முழுக்க சர்வீஸ் போட வேண்டும். அடுத்து அவர்கள் முறை. அதற்கடுத்து இவர். அந்த முறை வந்தபோது நான் பந்துகளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நம் ஜோடி சர்வீஸ் போடும்போது நம் இடம் நெட்டுக்குப் பக்கத்தில், எதிராளிகளைப் பார்த்தபடி. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பந்து பின்மண்டையில் படும். அதனால் எனக்கு அவர் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் பந்தை மண்ணில் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். ராக்கெட்டை வைத்துவிட்டுத் தகரக் கதவைப் பார்த்து நடந்துவிடுவாரோ என்று நெட்டுக் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டேன். எதிரே செக்ரட்டரியின் முகம்தான் எனக்குக் கண்ணாடி. அதில் ஒரு நொடி என்னவோ இளகியது. அப்புறம் அவர் ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து தயாரானார்.

மெதுவான சத்தம். என் தோளுக்குப் பக்கத்தில் பந்து ஏறிப் போனது. கீழிருந்து தட்டிய பந்து, மேலே மிதந்து, நெட்டைத் தாண்டிக் கட்டத்துக்குள் இறங்கியது. செக்ரட்டரி இரக்கம் காட்டவில்லை. முழு பலத்தோடு என்னைப் பார்த்து அடித்தார். அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். என் ராக்கெட்டுக்கு நேராக வந்த பந்து. கண்ணில் தண்ணீர் நிறைந்து எனக்கு அது தெரியவே இல்லை. விட்டுவிட்டேன்.

"அங்க இன்னா பண்ற? கையில குடுத்தா மாதிரி வந்திச்சி, அதயும் வுட்டுட்டியே" என்று பின்னாலிருந்து கத்தினார், கிளப்பே கேட்கிற மாதிரி. அப்புறம் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த சர்வீஸுக்குக் கோட்டின் இன்னொரு பக்கத்துக்கு நடந்து போனார்.